மழை நேரத்தில் விழக் கூடாத சர்வர்: கிள்ளான் பள்ளத்தாக்கின் வானிலைத் தரவு பற்றி ஓர் ஆய்வு

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. முந்தின நாள் பிடித்த மழை விடவே இல்லை. கோலாலம்பூரில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை சராசரியாக 2,400 மில்லிமீட்டர். அன்று ஒரு மாத மழைக்கும் மேலானது ஒரே நாளில் பெய்துவிட்டதாகச் சுற்றுச்சூழல், நீர்வள அமைச்சின் தலைமைச் செயலாளர் அறிவித்தார். கிள்ளான் ஆறு கரையை மீறியது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் வீட்டு மாடியிலும் கூரையிலும் படகுக்காகக் காத்திருந்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் வந்த வெள்ளங்களால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதில் ஏறத்தாழ பாதி சிலாங்கூருடையது.

எச்சரிக்கை வந்ததா, வந்தது போதுமா, மீட்புப் பணி ஏன் தாமதமானது என்று அதன் பிறகு நிறைய பேசிவிட்டார்கள். அதிகம் பேசப்படாத ஒரு கண்ணியை இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்கிறது. மழைமானியில் விழுந்த துளியும் ஆற்றில் ஏறிய அங்குலமும் எண்ணாக மாறி, ஒரு சர்வரில் ஏறி, கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் போய்ச் சேர வேண்டும். அந்தச் சர்வரைக் குறைந்த பணத்தையும் குறைந்த ஆட்களையும் வைத்துக்கொண்டு எப்படி நம்பகமாக நடத்துவது? இதற்கு உலகில் எந்தெந்த வழிகளை முயன்றிருக்கிறார்கள்? நம் ஊருக்கு அவற்றில் எது பொருந்தும்?

எண்கள் வரும் வழி

கிள்ளான் பள்ளத்தாக்கில் வானிலைத் தரவு ஒரே கூரையின் கீழ் இல்லை. முன்னறிவிப்பு, ரேடார், புயல்மழை எச்சரிக்கை ஆகியவை பெட்டாலிங் ஜெயாவில் தலைமையகம் கொண்ட மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் பொறுப்பு. மெட்மலேசியா என்று நாம் சொல்வது இதைத்தான். ‘மைசுவாச்சா’ செயலியும் இவர்களுடையது. ஆற்று நீர்மட்டமும் தரையில் பெய்த மழையின் அளவும் வடிகால், நீர்ப்பாசனத் துறையின் பொறுப்பு. மக்கள் வாயில் ஜேபிஎஸ். 1932இல் தொடங்கிய இந்தத் துறை ‘இன்ஃபோ பஞ்சிர்’ என்ற பொதுத் தளத்தை நடத்துகிறது. ஒவ்வொரு நிலையத்தின் நீர்மட்டமும் இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, ஆபத்து என நான்கு படிகளில் அங்கே காட்டப்படும். சிலாங்கூர் மாநில ஜேபிஎஸ்ஸுக்குத் தனியாக ஒரு வெள்ளத் தகவல் தளம் உண்டு. பேரிடர் ஒருங்கிணைப்பு 2015இல் உருவான தேசியப் பேரிடர் மேலாண்மை முகமையான நட்மாவிடம் இருக்கிறது.

இவற்றோடு 2023இல் புதுப்பொலிவு பெற்ற அரசுத் தரவுத் தளமான ‘டேட்டா.கவ்.மை’யும் சேர்ந்துகொண்டது. மெட்மலேசியாவின் ஏழு நாள் முன்னறிவிப்பை ஊர்வாரியாகக் காலை, பிற்பகல், இரவு என்று பிரித்து, எந்தக் கணினி நிரலும் எடுத்துக்கொள்ளும் வடிவத்தில் ஏபிஐ வழியாக அது இலவசமாகத் தருகிறது. முன்னறிவிப்பு நாள்தோறும் புதுப்பிக்கப்படும். எச்சரிக்கை தேவைப்படும்போது வரும்.

இந்த எண்களை வீட்டில் இருந்து பார்ப்பவர்கள் மட்டும் நம்பியிருக்கவில்லை. கோலாலம்பூரில் 2007இல் திறந்த, வெள்ளநீருக்கும் வண்டிகளுக்கும் பொதுவான ஸ்மார்ட் சுரங்கம் 9.7 கிலோமீட்டர் நீளம். அம்பாங் பக்கம் கம்போங் பெரெம்பாங் அருகே பெருக்கெடுக்கும் நீரை வாங்கி, நகரின் மையத்தைத் தொடாமல் தாமான் டேசா குளத்துக்குக் கொண்டுபோகிறது. மேல்பகுதியில் விநாடிக்கு 70 கன மீட்டருக்கும் குறைவாக நீர் ஓடினால் சுரங்கச் சாலையில் வண்டிகள் வழக்கம்போல் போகும். அந்த அளவைத் தாண்டினால் சாலைத் தளத்துக்குக் கீழே உள்ள பகுதியில் நீர் விடப்படும். 150 கன மீட்டரைத் தாண்டினால் சாலையையே மூடிவிடுவார்கள்; கனமழை நீடித்தால் சுரங்கம் முழுவதையும் நீருக்குக் கொடுத்துவிடுவார்கள். மழைமானியும் நீர்மட்டக் கருவியும் அனுப்பும் எண்ணை நம்பித்தான் ஒரு நெடுஞ்சாலை திறப்பதும் மூடுவதும். ஆபத்து நேரத்தில் எண் வந்து சேராவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்து, கட்டுப்பாட்டு அறைக்குச் செல்லும் தரவுக்குத் தனி வழி, தனிக் காவல் எல்லாம் வைத்துவிட முடியும். பொதுமக்கள் பார்க்கும் பக்கத்துக்கு அந்த வசதி கிடைப்பதில்லை. மிஞ்சுவதை வைத்துத்தான் அது ஓட வேண்டியிருக்கிறது.

கிள்ளான் நகர்வாசிக்கு இன்னொரு சிக்கல். அவர் ஆற்றின் கடைசிப் பகுதியில் இருக்கிறார். கோம்பாக்கிலும் அம்பாங்கிலும் பெய்தது சில மணி நேரம் கழித்து அவர் வாசலுக்கு வரும். அந்த நேரத்தில் கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டால் ஆற்று நீர் வடிய இடமில்லை. ஆகவே மேல்பகுதி மழை, ஆற்று நீர்மட்டம், கடல் ஏற்ற நேரம் ஆகிய மூன்றையும் அவர் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்றும் மூன்று இடங்களில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று திறக்காவிட்டாலும் மற்ற இரண்டின் பயன் பாதியாகிவிடும்.

விழுக்காட்டுக் கணக்கின் ஏமாற்று

சர்வர் நம்பகத்தன்மையை விழுக்காட்டில் சொல்வது கணினித் துறையின் வழக்கம். ஆண்டில் 99 விழுக்காடு நேரம் இயங்கியது என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் ஒரு விழுக்காடு 87 மணி நேரத்துக்கும் மேல். 99.9 விழுக்காடு என்று உயர்த்தினாலும் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் முடங்கலாம்.

வங்கிச் சர்வருக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். அதன் பயன்பாடு எல்லா நாளிலும் பரவிக் கிடக்கிறது. வானிலைச் சர்வருக்குப் பொருந்தாது. வெயில் நாளில் முப்பது மணி நேரம் நின்றுபோனாலும் யாருக்கும் பெரிய நட்டமில்லை. டிசம்பர் 18 போன்ற ஒரு மாலையில் மூன்று மணி நேரம் நின்றால் ஆண்டு முழுவதும் ஓடியதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். கெட்டகாலம், அது நிற்பதற்கு வாய்ப்பு அதிகமான நேரமும் அதே மாலைதான். மழை வலுக்கும்போது பார்க்க வருபவர்கள் பல மடங்காகிறார்கள், மின்சாரம் போகிறது, தொலைத்தொடர்புக் கோபுரம் விழுகிறது, சர்வரைக் கவனிக்க வேண்டியவரே வெள்ளத்தில் மாட்டிக்கொள்கிறார். எல்லாம் ஒரே காரணத்தால் ஒரே சமயத்தில் நடக்கின்றன.

எனவே இங்கே கேட்க வேண்டிய கேள்வி, ஆண்டில் எத்தனை விழுக்காடு ஓடியது என்பதாக இருக்க முடியாது. எச்சரிக்கை அமலில் இருந்த மணி நேரங்களில் எத்தனை மணி நேரம் பக்கம் திறந்தது, அப்போது அதில் இருந்த எண்கள் எவ்வளவு புதியவை என்று கேட்க வேண்டும். இப்படி அளக்கத் தொடங்கினால் பணத்தை எங்கே போட வேண்டும் என்பதும் மாறிவிடுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை அதிகமாகும் மாதங்கள் ஏப்ரலும் அக்டோபர், நவம்பரும். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீள்கிறது. பராமரிப்பையும் மென்பொருள் மாற்றத்தையும் சோதனையையும் இந்த மாதங்களுக்கு வெளியே, ஜூனிலும் ஜூலையிலும் முடித்துவிட வேண்டும். இதற்குக் கூடுதலாக ஒரு காசும் செலவில்லை. நாட்காட்டியைப் பார்த்தால் போதும்.

கூட்டத்தைச் சமாளிப்பது

வெள்ள நாளின் கூட்டத்தைப் புரிந்துகொள்ள ஒரு மனக்கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு லட்சம் பேர் நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்தைப் புதுப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கிள்ளான் பள்ளத்தாக்கின் மக்கள்தொகையில் இது சிறு பகுதிதான். அப்படியானால் விநாடிக்கு 3,300க்கும் மேற்பட்ட வேண்டுகோள்கள். வரைபடம், படங்கள், நிரல்கள் எல்லாம் சேர்ந்து பக்கம் இரண்டு மெகாபைட் இருந்தால் நிமிடத்துக்கு 400 கிகாபைட் அனுப்ப வேண்டும். விநாடிக்கு 53 கிகாபிட் இணைப்பு தேவை. ஒரு சிறு துறையின் சர்வரால் நினைத்துப் பார்க்க முடியாத அளவு இது. நிலையத்தின் பெயர், நீர்மட்டம், நேரம் மட்டும் உள்ள இரண்டு கிலோபைட் எழுத்துப் பக்கமாக இருந்தால், அதே கூட்டத்துக்கு 53 மெகாபிட் போதும். வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்பே அதைத் தாங்கும்.

அளவைப்போலவே தயாரிக்கும் முறையும் முக்கியம். பல தளங்களில் ஒவ்வொருவர் வரும்போதும் தரவுத்தளத்தைக் கேட்டு, பதிலை வாங்கி, பக்கத்தைப் புதிதாகக் கட்டித் தருகிறார்கள். தைப்பூசத்தன்று பத்துமலையில் அன்னதானத்துக்கு வரும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தால் வரிசை செந்தூல் வரை நிற்கும். பொட்டலம் கட்டி வைத்துவிட்டால் கை நீட்டியவருக்குக் கொடுத்துக்கொண்டே போகலாம். ஆற்று நீர்மட்டம் விநாடிக்கு விநாடி மாறுவதில்லை. ஐந்து அல்லது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா நிலையங்களின் எண்களையும் ஒரே கோப்பாக எழுதி வைத்துவிட்டால், பத்துப் பேர் வந்தாலும் பத்து லட்சம் பேர் வந்தாலும் தரவுத்தளம் செய்யும் வேலை ஒன்றுதான். அந்தக் கோப்பின் நகலைப் பல ஊர்களில் வைத்திருக்கும் விநியோக வலையமைப்பிடம் கொடுத்துவிட்டால் கூட்டம் மூலச் சர்வர் வரை வரவே வராது.

நார்வே வானிலை ஆய்வு நிறுவனம் உலகம் முழுவதற்குமான முன்னறிவிப்பை இலவச ஏபிஐயாகத் தருகிறது. அதன் விதிகளைப் படித்தால் சிக்கனக் கலை விளங்கும். தரவு கேட்கும் நிரல் தன் பெயரையும் தொடர்பு முகவரியையும் சொல்ல வேண்டும். ஒரு பதில் எதுவரை செல்லும் என்று சர்வர் சொல்லியிருந்தால் அதற்கு முன் மறுபடி கேட்கக் கூடாது. கேட்டாலும் ‘கடைசியாக வாங்கியதற்குப் பிறகு மாறியிருந்தால் மட்டும் கொடு’ என்று கேட்க வேண்டும். இடத்தின் ஆயத்தொலைவில் புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கங்களுக்கு மேல் தரக் கூடாது. அதற்கு மேல் போனால் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் வெவ்வேறு பதிலாகி, சேமித்து வைத்த நகல் பயன்படாமல் போய்விடும். ஒரு செயலி விநாடிக்கு 20 வேண்டுகோளுக்கு மேல் கேட்க வேண்டுமானால் தனி ஏற்பாடு தேவை. சர்வரைப் பெரிதாக்குவதற்கு முன் கேட்பவருக்கு ஒழுங்கு கற்றுத்தரும் வழி இது.

வரம்பா, திறப்பா?

கேட்பவருக்கு வரம்பு கட்டுவது நியாயமா என்ற வாதம் பணக்கார நாட்டிலும் நடந்தது. 2020 டிசம்பரில் அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை தன் முக்கியத் தரவுத் தளங்களில் ஒரு பயனருக்கு நிமிடத்துக்கு 60 இணைப்புகள் என்ற வரம்பை முன்மொழிந்தது. இணைப்பு அகலம் போதவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். ஆய்வாளர்களும் செயலி எழுதுபவர்களும் எதிர்த்தார்கள். வரி கட்டியவர்களின் தரவுக்கு ஏன் பூட்டு என்று கேட்டார்கள். இரண்டு பக்கத்திலும் உண்மை இருந்தது. வரம்பு இல்லாவிட்டால் கவனமில்லாமல் எழுதிய நாலைந்து நிரல்களே சர்வரை விழுங்கிவிடும். வரம்பு இறுக்கமாக இருந்தால், தரவை வாங்கி ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பவரே முதலில் அடிபடுவார்.

இந்த முடிச்சை அவிழ்த்த உதாரணமும் அமெரிக்காவிலேயே இருக்கிறது. 2015 முதல், அந்த வானிலைச் சேவையின் தாய் அமைப்பான நோவா தன் ரேடார் தரவின் முழுச் சேமிப்பையும் அமேசான் போன்ற வணிக மேகக் கணினி நிறுவனங்களிடம் நகலாகக் கொடுத்தது. பொதுமக்கள் அங்கிருந்து இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பின்னர் வெளியான ஆய்வின்படி ரேடார் தரவின் பயன்பாடு 2.3 மடங்காக உயர்ந்தது. நோவாவின் சொந்தச் சர்வர்களின் சுமை பாதியாகக் குறைந்தது. கொடுப்பது கூடும்போது சுமையும் கூடும் என்பது பொது எண்ணம். நகலை வேறொருவர் கையில் கொடுத்தால் அந்த எண்ணம் தலைகீழாகிறது.

உலக வானிலை அமைப்பு இதே சிந்தனையைச் சிறிய நாடுகளுக்கும் பொருந்தும்படி வடித்திருக்கிறது. 2021 அக்டோபரில் தரவுப் பகிர்வுக்கான ஒருங்கிணைந்த கொள்கையை அது நிறைவேற்றியது. அதை நடைமுறைப்படுத்தும் ‘விஸ் 2’ என்ற புதிய ஏற்பாட்டில் ஒவ்வொரு நாட்டின் சிறிய கணுவும் தன் தரவை ஒருமுறை வெளியிட்டு, ‘புதிது வந்திருக்கிறது’ என்று ஒரு சிறு செய்தியை அனுப்பினால் போதும். சில உலகளாவிய மையங்கள் அதை நகலெடுத்து வைத்துக்கொண்டு மற்ற நாடுகளுக்கு விநியோகிக்கும். நிமிடத்துக்கு நிமிடம் ‘வந்துவிட்டதா, வந்துவிட்டதா’ என்று எல்லாரும் வந்து கதவைத் தட்ட வேண்டியதில்லை. சாதாரணக் கணினியிலும் நிறுவிக்கொள்ளும் வகையில் இதற்கான திறந்த மூல மென்பொருளையும் அந்த அமைப்பே தருகிறது.

டேட்டா.கவ்.மை ஏபிஐக்கும் வேண்டுகோள் வரம்பு உண்டு. அது சரியானதே. ஆனால் வரம்போடு நிற்காமல், முழுத் தரவையும் ஒரே கோப்பாக யார் வேண்டுமானாலும் நகலெடுத்து மறுபடி பகிரும் வழியும் வெள்ளத் தரவுக்குக் கிடைக்க வேண்டும். பல்கலைக்கழகம் ஒன்று, வானொலி நிலையம் ஒன்று, தன்னார்வக் குழு ஒன்று என மூன்று இடத்தில் கண்ணாடி நகல் இருந்தால், மூலத் தளம் விழுந்த நேரத்திலும் கடைசியாக வந்த எண் எங்கோ ஓரிடத்தில் இருக்கும்.

பூஜ்யத்துக்கும் இன்மைக்கும் நடுவே

பக்கம் திறப்பது மட்டும் நம்பகம் ஆகாது. சர்வர் விழுந்தால் அது விழுந்தது என்றாவது தெரியும். தவறான எண்ணைத் தன்னம்பிக்கையோடு காட்டும் சர்வர் அதைவிட ஆபத்தானது.

மழைமானிகளில் பரவலானது சாய்வாளி வகை. சிறு வாளி நிரம்பிச் சாயும் ஒவ்வொரு முறையும் ஒரு எண்ணிக்கை கூடும். வாய்ப்பகுதியில் இலையோ பறவைக் கூடோ அடைத்துக்கொண்டால் வாளி சாயாது. சர்வருக்கு வரும் எண் பூஜ்யம். மழையே இல்லை என்பதற்கும் பூஜ்யம்தான். பக்கத்து நிலையங்களில் எல்லாம் 60 மில்லிமீட்டர் காட்டும்போது நடுவில் ஒன்று மட்டும் பூஜ்யம் காட்டினால் அதைச் சந்தேகிக்கும் அறிவை நிரலுக்குள் எழுதிவைக்க வேண்டும். இணைப்பு அறுந்து எண்ணே வராதபோது அந்த இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்புவதோ, முந்தைய எண்ணையே மறுபடி காட்டுவதோ கூடவே கூடாது. ‘தரவு இல்லை’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இது வெறும் தத்துவம் இல்லை. உலகிலேயே இடி அதிகமாக விழும் பகுதிகளில் இதுவும் ஒன்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாட்கள் இடி கேட்கும் இடங்கள் இங்கே உண்டு. திறந்த வெளியில், கம்பத்தில், ஆற்றோரத்தில் நிற்கும் கருவிக்கு இடிமின்னல் முதல் எதிரி. மின்னெழுச்சித் தடுப்பானும் நல்ல புவித்தொடர்பும் இல்லாத நிலையம் சர்வருக்கு எண் அனுப்பும் முன்பே செத்துப்போகும். சர்வருக்கு ஆகும் செலவைப் பற்றிப் பேசும்போது களத்தில் இருக்கும் இந்தச் சில்லறைப் பொருள்களை மறந்துவிடுகிறோம்.

நேரமும் அப்படித்தான். ஒவ்வொரு எண்ணோடும் அது அளக்கப்பட்ட நேரம் வர வேண்டும். பக்கம் திறந்த நேரத்தைக் காட்டுவதில் பயனில்லை. உலக நேரத்துக்கும் மலேசிய நேரத்துக்கும் எட்டு மணி நேர வித்தியாசம். நிரலில் ஓரிடத்தில் இதைக் குழப்பிக்கொண்டால் மாலை வெள்ளம் காலை வெள்ளமாகத் தெரியும். மெட்மலேசியாவின் இடிமழை எச்சரிக்கை ஒவ்வொன்றும் அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்கே செல்லும். சேமித்து வைத்த நகலை ஏழாவது மணி நேரத்திலும் எடுத்துக் காட்டும் செயலி மக்களை வீணாகப் பயமுறுத்துகிறது; அடுத்த உண்மையான எச்சரிக்கையை அவர்கள் பொருட்படுத்தாமல் போகவும் வழி செய்கிறது. நகல்தான் கூட்டத்திலிருந்து காப்பாற்றுகிறது என்று மேலே சொன்னேன்; அந்த நகலுக்கு ஆயுள் குறிக்காவிட்டால் அதுவே தீங்காகும். எண்ணின் வயது அரை மணி நேரத்தைத் தாண்டினால் நிறம் மாறி, ‘இது பழைய தகவல்’ என்று பெரிய எழுத்தில் காட்டுவது நான்கு வரி நிரல் வேலை. அதைச் செய்யாமல் விடுவதற்குப் பணப் பற்றாக்குறை காரணம் ஆகாது.

பணமும் ஆளும்

சொந்தக் கட்டடத்தில் சர்வர் வைப்பதா, மேகக் கணினியில் வாடகைக்கு எடுப்பதா என்பது பழைய சர்ச்சை. சொந்தச் சர்வருக்கு மாதச் செலவு தெரிந்தது. தரவு நம் கையில் இருக்கும். ஆனால் உச்சக் கூட்டத்துக்கு ஏற்ற கணினியை வாங்கினால் ஆண்டில் பெரும்பாலான நாள் அது சும்மா கிடக்கும். சராசரிக் கூட்டத்துக்கு வாங்கினால் வெள்ள நாளில் விழும். அந்தக் கட்டடமே நனையவும் கூடும். 2021 மார்ச்சில் அமெரிக்க வானிலைச் சேவையின் சில்வர் ஸ்பிரிங் தரவு மையத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்ததில் கடல் மிதவைகளின் தரவு தடைபட்டது. மேகக் கணினி கூட்டத்துக்கு ஏற்ப விரியும். ஆனால் ரசீதும் சேர்ந்து விரியும். வெளியே போகும் ஒவ்வொரு கிகாபைட்டுக்கும் கட்டணம் வைக்கும் நிறுவனத்திடம் இரண்டு மெகாபைட் பக்கத்தை இரண்டு லட்சம் பேருக்குக் கொடுத்தால் ஒரு வெள்ளமே ஓர் ஆண்டு ஒதுக்கீட்டைக் கரைத்துவிடும்.

இரண்டையும் பிரித்துச் செய்வதே குறைந்த வளம் உள்ளவர்களுக்கு ஏற்றது. கருவிகளிடமிருந்து எண் வாங்கிச் சரிபார்த்துச் சேமிக்கும் வேலை உள்ளே, ஒரு சிறிய கணினியில் நடக்கட்டும். மக்களுக்குக் காட்டும் வேலை வெளியே, வெறும் கோப்புகளாக, விநியோக வலையமைப்பில் நடக்கட்டும். வெளியே எவ்வளவு நெரிசல் இருந்தாலும் உள்ளே எண் சேர்வது தடைபடக் கூடாது. பொதுப் பக்கத்தின் கூட்டத்தால் தரவு சேகரிப்பே நின்றுபோகும் அமைப்புதான் எல்லாவற்றிலும் மோசமானது. ஒரே கணினியில் இரண்டையும் போட்டு வைப்பவர்கள் செய்யும் பிழை அது.

ஆனால் இயந்திரத்தைவிட ஆள் பற்றாக்குறையே சிறிய சேவைகளைச் சாய்க்கிறது. இப்படிப்பட்ட தளங்கள் பலவற்றில் எல்லாம் தெரிந்தவர் ஒருவர்தான் இருப்பார். அவர் பணி மாறினால், ஓய்வு பெற்றால், ஊருக்குப் போனால் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். இணையப் பெயருக்கு ஆண்டுக் கட்டணம் கட்ட மறந்து தளம் மறைவதும், பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகி உலாவி பக்கத்தைத் திறக்க மறுப்பதும் உலகம் எங்கும் நடக்கும் கதை. இலவசச் சான்றிதழ்களின் ஆயுள் பெரும்பாலும் 90 நாளோ அதற்கும் குறைவோதான். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு பழுதானால் எந்த நாளிலும் சிக்கல் வரலாம். 2021இன் வெள்ளம் வந்தது வார இறுதியில். சனிக்கிழமை இரவு சர்வர் விழுந்தால் யாருக்கு மணி அடிக்கும், அவர் எடுக்காவிட்டால் அடுத்து யாருக்கு என்று ஒரு தாளில் எழுதிவைத்திருப்பதே பாதி நம்பகத்தன்மை.

காப்பு நகல் எடுப்பதைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். அதிலிருந்து தளத்தை மறுபடி கட்டிப் பார்த்தவர்கள் குறைவு. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன், வெறும் கணினி ஒன்றில் காப்பு நகலிலிருந்து முழுத் தளத்தையும் எழுப்பிப் பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்த நேரம்தான் அந்த நிறுவனத்தின் உண்மையான நம்பகத்தன்மை எண்.

நிரலைத் திறந்து வைப்பதும் ஆள் பற்றாக்குறைக்கு ஒரு மருந்து. டேட்டா.கவ்.மை தளத்தின் நிரல் பொதுவில் கிடைக்கிறது. பிழையைக் காண்பவர் வெளியில் இருந்தே சுட்டிக்காட்ட முடியும். ஐரோப்பாவில் ஒருவர் தொடங்கிய ‘ஓப்பன் மீட்டியோ’ சேவையும் திறந்த மூலமே. பல நாட்டு வானிலை மாதிரிகளை ஒன்றாக்கி, வணிக நோக்கமில்லாதவர்களுக்கு நாளொன்றுக்கு 10,000 வேண்டுகோள் வரை சாவிகூடக் கேட்காமல் தருகிறது. சிறிய குழு பெரிய சேவையை நடத்த முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் உள்ளூர் ஆற்று மட்டத்தை அதனால் தர முடியாது; கிள்ளான் ஆற்றின் எண் கிள்ளான் ஆற்றில் வைத்த கருவியிடம் மட்டுமே இருக்கிறது.

வீட்டு மாடியில் வைக்கும் சிறு வானிலை நிலையங்களால் இந்த இடைவெளியை நிரப்பலாமே என்று சிலர் சொல்கிறார்கள். ஓரளவு முடியும். கிள்ளான் பள்ளத்தாக்கின் மழை திட்டுத் திட்டாகப் பெய்வது. பிரிக்ஃபீல்ட்ஸில் கொட்டும்போது பங்சாரில் வெயில் அடிக்கும். அரசு நிலையங்களுக்கு இடையே நூறு மாடி நிலையங்கள் இருந்தால் படம் துலங்கும். ஆனால் சுவர் ஓரத்தில், ஏர்கண்டிஷனர் அருகில், மரத்தடியில் வைத்த கருவிகள் தவறாகத்தான் அளக்கும். அவற்றை அரசுத் தரவோடு கலக்காமல், ‘சரிபார்க்கப்படாதது’ என்று தனி நிறத்தில் காட்டுவதே முறை.

தமிழில் வந்து சேர்வது

டேட்டா.கவ்.மை தரும் எச்சரிக்கையில் தலைப்பும் விவரமும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. தமிழ் மட்டுமே சரளமாக வாசிக்கும் முதியவர்கள் கிள்ளானிலும் அதைச் சுற்றிய பழைய தோட்டப்புறங்களிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எச்சரிக்கை பேரப்பிள்ளை வழியாக, வாட்ஸ்ஆப் வழியாக, மின்னல் எஃப்எம் வானொலி வழியாக வந்து சேர்கிறது. வாட்ஸ்ஆப்பில் வருவது எந்த ஆண்டின் படம் என்று யாருக்கும் தெரியாது.

தமிழில் சொல்ல அரசுத் துறையே முன்வந்தால் நல்லது. வராவிட்டாலும் வழி அடைபடவில்லை. எச்சரிக்கையின் நிலை, மாவட்டம், தொடக்க நேரம், முடிவு நேரம் ஆகியவை தனித்தனிப் புலங்களாகக் கிடைத்தால், தமிழ் தெரிந்த ஒரு நிரலாளர் சில நாட்களில் தமிழ்ப் பக்கம் கட்டிவிடலாம். சென்னையில் ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான் காட்டிய வழி இதற்கு நெருக்கமானது. பொதுவில் கிடைக்கும் ரேடார் படத்தையும் மழைக் கணக்கையும் ஊர்ப் பெயர் சொல்லி, மக்களுக்கு எளிதாகப் புரியும்படி விளக்கியதால்தான் லட்சக்கணக்கானவர்கள் அவரைப் பின்தொடர்கிறார்கள். அவரைப் போன்ற இடைநிலையாளர்கள் மூலத் தரவு தடையில்லாமல் வந்தால் மட்டுமே இயங்க முடியும். மூலச் சர்வர் தடுமாறினால் அதைச் சார்ந்த எல்லா மொழிப் பக்கங்களும் சேர்ந்து தடுமாறும். நம்பகமான பொதுத் தரவு சிறுபான்மை மொழிக்காரர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுவது இதனால்தான்.

தொகுத்துப் பார்த்தால்

இதுவரை பார்த்த வழிகளில் பெரும் பணம் கேட்பவை சிலவே. எழுத்து மட்டும் உள்ள சிறு பக்கம், முன்கூட்டியே எழுதி வைத்த கோப்பு, பலர் கையில் நகல், ஒவ்வொரு எண்ணோடும் அதன் நேரம், இல்லாததை இல்லை என்று சொல்லும் துணிவு, மழைக்கு முன் ஒத்திகை, இரண்டாவது ஆளின் தொலைபேசி எண். இவற்றில் எதற்கும் புதிய கட்டடம் வேண்டாம். ரேடாருக்கும் கருவிகளுக்கும் களப் பராமரிப்புக்கும்தான் பணம் வேண்டும். அங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது. சர்வர் பக்கத்தில் வளம் குறைவு என்பது பெரும்பாலும் ஒழுங்கு குறைவின் மறுபெயர் என்பதே இந்த ஆய்வில் கிடைத்த தீர்ப்பு.

துறைகள் ஒன்றைச் செய்யலாம். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும், எச்சரிக்கை அமலில் இருந்த மணி நேரங்களில் தங்கள் பொதுத் தளம் எத்தனை மணி நேரம் திறந்தது, எத்தனை நிலையங்கள் உரிய நேரத்தில் எண் அனுப்பின என்ற கணக்கை ஒரே பக்கத்தில் வெளியிடட்டும். குறை இருந்தால் வெளியிடுவதில் வெட்கமில்லை. அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டைக் கேட்பதற்கு அதைவிட வலுவான சான்றும் இல்லை. வாசகர்களும் ஒன்றைச் செய்யலாம். அடுத்த முறை நீர்மட்டத்தைப் பார்க்கும்போது எண்ணுக்கு முன் அதன் நேரத்தைப் பாருங்கள். நேரம் இல்லாத எண்ணை யாருக்கும் அனுப்பாதீர்கள்.